வாளியில் வந்த மண்புழு

அவனுக்குப் பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் பத்திரங்களில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவன் மைக். ஐம்பது பேர் கூடிய இடத்திலும் கடைசி ஆளின் காது வரை எட்டுகிற தொண்டை அவனுக்கு. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். மைக் பிழைத்ததோடு நிற்காமல், அந்த வாயை வைத்தே ஒரு பண்ணையைப் பிரபலமாக்கிவிட்டான். உழைப்பது மனைவி, பேசுவது அவன். இந்தப் பங்கீட்டில் இருவருக்கும் பெரிய மனக்குறை இல்லை. அவளுக்குப் பேசப் பிடிக்காது, அவனுக்குக் குனியப் பிடிக்காது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்கள் நிலத்தில் முப்பது அடிக்கு ஒரு வரிசையாக மரம் வைத்தார்கள். வாகை, கொய்யா, எலுமிச்சை. இரண்டு வரிசைக்கு நடுவே மக்காச்சோளம், அது முடிந்தால் பயறு. மரம் உதிர்க்கிற இலை அப்படியே மண்ணுக்கு. உழவு கிடையாது. 'மரத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறார்கள்' என்று சிரித்தவர்கள் எல்லாம், நாலைந்து வருடத்தில் வேலியோரம் நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் விவசாயிகள் சங்கம், மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு மினி பஸ்ஸில் இருபது பேரை ஏற்றி அனுப்பியது. பண்ணையைச் சுற்றிக் காட்டுவது மைக்கின் பொறுப்பு. கரும்பு தின்னக் கூலியா?

பயிரை யாரும் மிதித்துவிடாதபடி நடைபாதை ஓரமாகக் கயிறு கட்டி வைத்திருந்தான். பாதை போய் முடிவது முதல் வரிசை வாகை மரத்தடியில். நல்ல நிழல். எல்லோரையும் அங்கே நிற்க வைத்து, முக்கால் மணி நேரம் மழையைப் பற்றியும் வேரைப் பற்றியும் பொழிவான். கடைசியில் மண்வெட்டியை எடுத்து ஒரு வெட்டு வெட்டி மண்ணைப் புரட்டுவான். கறுத்த மண்ணில் இரண்டு மூன்று மண்புழு நெளியும். "நான் சொல்றதை நம்பாதீங்க, இவங்க சொல்றதை நம்புங்க" என்று புழுக்களைக் காட்டுவான். கைதட்டல் விழும். வீட்டில் அந்த மரத்துக்கே மேடை மரம் என்று பெயராகிவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, அதே இடத்தில் மண்வெட்டி டங்கென்று துள்ளியது. இன்னொரு தடவை ஓங்கி வெட்டினான். ஓடு மாதிரி ஒரு சில்லு பெயர்ந்தது. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. "இன்னைக்கு அவங்களுக்கு லீவு" என்று சிரித்துச் சமாளித்தான். ஏன் இப்படி ஆயிற்று என்று அவன் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குப் பதில் அடுத்த முறை விடிந்ததும் ஒரு வாளியோடு குப்பைக்குழிக்குப் போனான். பத்துப் பதினைந்து புழுவைப் பொறுக்கி வந்து, மேடை மரத்தடியில் கடப்பாரையால் ஒரு குழி தோண்டிப் புதைத்து, மேலே இலையைப் பரப்பினான். அன்றைக்குக் கைதட்டல் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. அவ்வளவுதான், பழகிவிட்டது.

"அந்த வாகையில இலை சின்னச் சின்னதா வருதுங்க" என்று மனைவி இந்த எட்டு மாதத்தில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவன் "ம்" என்றான்.

இந்தச் சனிக்கிழமை மட்டும் விஷயம் வேறு. பஸ்ஸில் வரப்போவது அவளுடைய தம்பி.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவள் பிறந்த வீட்டு நிலம் இப்போது தம்பி கையில். இருபது வருடமாக ஒரே பயிர், டிராக்டர் உழவு, மூட்டை மூட்டையாக உரம். போன இரண்டு பருவமும் போட்ட விதை திரும்பவில்லை. மனது விட்டுப்போய், செங்கல் சூளைக்காரருக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கத் தலையாட்டிவிட்டான். சூளைக்காரர் மேல்மண்ணை மூன்றடி அள்ளிக்கொள்வார். திங்கட்கிழமை கையெழுத்து.

"மண்ணை அள்ளிட்டா அப்புறம் அது நிலம் இல்லங்க, குழி" என்று முந்தின நாள் சமையலறையில் அவள் சொன்னாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது வெங்காயத்தால் இல்லை என்று மைக்குக்குத் தெரிந்தது. "அப்பா அம்மா ரெண்டு பேரும் நடந்த மண்ணு. ஒரே ஒரு தடவை வந்து பாருடான்னு கெஞ்சியிருக்கேன். நாளைக்கு நீங்க பேசறதுலதான் இருக்கு."

அவள் அவன் பேச்சை நம்பி எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. மைக்குக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. காலையில் வாளியை எடுத்தவன் பதினைந்தோடு நிற்கவில்லை. நாற்பது புழுவைப் பொறுக்கினான். மச்சானுக்கென்று வரும்போது கஞ்சத்தனம் எதற்கு?

*

மச்சான் பேசுகிற ஆள் இல்லை. இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் நடந்து வந்தான். மைக் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்றான். மர நிழலில் மண்ணின் ஈரம் காயாது என்றதற்கு ஒரு அப்படியா. வேர் ஆழத்திலிருந்து சத்தை இழுத்து இலை வழியாக மேலே போடும் என்றதற்கு ஒரு அப்படியா. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், மறுத்தால் வாதாடலாம். இந்த 'அப்படியா'வை என்ன செய்வது?

மற்ற பத்தொன்பது பேரும் நன்றாகவே கேட்டார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மேடை மரத்தடிக்கு வந்ததும் மைக் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வாழ்நாளிலேயே சிறந்த முக்கால் மணி நேரத்தைப் பேசினான். பேசி முடித்து மண்வெட்டியை எடுத்தான்.

"நான் சொல்றதை நம்பாதீங்க..."

ஒரு வெட்டு. மண்ணைப் புரட்டினான். நாற்பது புழுவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே உருண்டையாக வந்து விழுந்தன.

"ஐயோ, எவ்வளவு!" என்றார் நர்ஸ். எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். மச்சான் முதல் தடவையாகக் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து குந்தினான். ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்தான். மண்ணைக் கிளறி, விரல் நகமளவு வெள்ளையாய் எதையோ எடுத்தான்.

"மாமா, இது குப்பைக்குழிப் புழு."

"புழுவுல என்ன மச்சான் வித்தியாசம்? எல்லாம் புழுதானே" என்றான் மைக். குரல் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

"அக்காவும் நானும் சின்ன வயசுல பள்ளிக்கூடம் போன நாளைவிடத் தூண்டில் போட்ட நாள் அதிகம். சிவப்பா, சின்னதா, கையில வெச்சாத் துள்ளும். இது சாணமும் அழுகின இலையும் இருக்கிற குழியிலதான் கிடைக்கும். நிலத்துப் புழு நீளமா, சாம்பல் நிறமா, சோம்பேறியா இருக்கும். வெறும் மண்ணுல இது உயிரோடவே இருக்காது." கையிலிருந்ததை உயர்த்திக் காட்டினான். "அதோட, வயல்ல முட்டை ஓடு எப்படி மாமா வந்தது?"

எலுமிச்சைச் சாறு டம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்த மனைவி, பாதையில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் புழுவைப் பார்த்தாள், ஓட்டைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா."

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்வாங்க. நீங்க எட்டு மாசம் ஓட்டியிருக்கீங்க."

நர்ஸ் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான் சிரிக்கவில்லை. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "நான் பஸ்ல இருக்கேன் அக்கா" என்று திரும்பி நடந்தான்.

அந்த நடையோடு திங்கட்கிழமைக் கையெழுத்தும் முடிந்தது என்று மைக்குக்குப் பட்டது. பேச வேண்டும் என்று வாயைத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. பொய்யைப் புதைக்கத் தெரிந்த அளவுக்கு அதிலிருந்து மீளத் தெரியவில்லை.

"டேய், நில்லு" என்றாள் மனைவி. தட்டை நர்ஸின் கையில் திணித்துவிட்டு, கணவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினாள். "இவர் சொன்னது பொய். நிலம் ஒரு பொய்யும் சொல்லல. எங்க தோண்டணும்னு நீ காட்டு. தோண்டறேன்."

மச்சான் நின்றான். கயிற்றுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வரிசைக்கு உள்ளே, யாரும் போகாத ஓர் இடத்தைக் காட்டினான். அங்கே மட்கிய இலையும் ஒடிந்த கிளையுமாகக் கண்டபடி கிடந்தது. பார்வைக்கு நன்றாக இல்லை என்று மைக் இத்தனை நாள் யாரையும் கூட்டிப்போகாத இடம். அவள் விறுவிறுவென்று நடந்தாள். மைக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். கூட்டம் குனிந்து நுழைந்தது.

முதல் வெட்டில் ஒரு வேர்த்துண்டும் நாலு எறும்பும் வந்தன. புழு இல்லை. மச்சான் மறுபடி கையைச் சட்டைப்பைக்குள் விட்டான். மைக் இருக்கிற எல்லாச் சாமியையும் கூப்பிட்டான்.

இரண்டாவது வெட்டுக்கு அவள் ஓங்கவே இல்லை. மண்வெட்டி தன் பாரத்திலேயே இறங்கியது. புரட்டியதும் மழை விட்ட மறுநாள் வாசனை வந்தது. மண்ணுக்குள் அரை முழ நீளத்துக்குச் சாம்பல் நிறப் புழு ஒன்று, வெளிச்சம் பிடிக்காமல் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இன்னொன்று. மச்சான் குந்தி அந்த இடத்தில் கையை விட்டான். மணிக்கட்டு வரை போயிற்று.

அவன் எழுந்து மேடை மரத்தடிக்குத் திரும்பினான். புழுக்குழிக்கு ஒரு சாண் தள்ளி விரலால் குத்திப் பார்த்தான். நகம்கூட இறங்கவில்லை.

"இந்த மரமும் அந்த மரமும் ஒரே வருஷம் வெச்சதா?"

"ஒரே நாள்ல வெச்சது" என்றாள் அக்கா.

"அதே இலை. அதே மழை. அப்புறம் ஏன் இங்க மட்டும் சிமெண்ட் மாதிரி இருக்கு?"

மைக் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குனிந்தவன் கண்ணில் கால்கள் பட்டன. மரத்தைச் சுற்றி வட்டமாக, முன்பு நின்ற இடத்துக்கே திரும்ப வந்து நின்றிருந்த இருபது ஜோடிச் செருப்பும் ஷூவும். மாதம் இரண்டு சனிக்கிழமை. மூன்று வருடம். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம்.

"நான்தான்" என்றான்.

"பின்னாடி கேக்கலைங்க" என்றார் கடைசியில் நின்ற ஒருவர். மைக்கைப் பார்த்து அப்படி யாரும் சொன்னதே இல்லை.

"நான்தான் காரணம்னு சொன்னேன். மூணு வருஷமா எல்லாரையும் இந்த ஒரே இடத்துல நிக்க வெச்சுப் பேசியிருக்கேன். மண்ணு இறுகிப்போச்சு. வேருக்கு மூச்சு இல்ல, புழு ஓடிப்போச்சு. இவ மூணு தடவை சொன்னா, இலை சின்னதாகுதுன்னு. நான் கேக்கலை. பேசிக்கிட்டிருந்தேன்." மரத்தடியிலிருந்து தானே முதலில் விலகினான். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மற்றவர்கள் அவசர அவசரமாகப் பாதைக்குப் போனார்கள். மச்சான் மட்டும் குந்தியபடியே இருந்தான்.

"என் நிலமும் இப்படித்தான் இருக்கு அக்கா. குத்தினா விரல் போகாது. செத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

"சாகலடா. மூச்சு முட்டிக் கிடக்கு. இவர் மூணு வருஷம் ஆளை நிக்க வெச்சார், நீ இருபது வருஷம் டிராக்டரை ஏத்தினே. அதை நிறுத்திட்டு மேல இலையும் ஈரமும் குடுத்தா, ஆழத்துல இருக்கிற புழு மேல வரும்."

மச்சான் புழுக்குழியில் கிடந்த அந்த முட்டை ஓட்டை எடுத்து விரலிடையில் உருட்டினான்.

"ஒரு வருஷம்" என்றான். "சூளைக்காரர்கிட்ட ஒரு வருஷம் பொறுக்கச் சொல்றேன். நீ சொல்றபடி மரம் வெக்கிறேன், இலை பரப்புறேன். வருஷம் முடியறதுக்குள்ள என் மண்ணுல ஒரு நிலத்துப் புழு தானா வரணும். வரலைன்னா கையெழுத்து." எழுந்தவன் மைக்கை நேராகப் பார்த்தான். "தானா வரணும் மாமா."

*

அந்த வருடம் மைக் குனிந்தான். மச்சான் நிலத்தில் குழி தோண்டிக் கன்று வைத்தான். தன் பண்ணையிலிருந்து கொய்யா இலையும் சோளத்தட்டையும் வண்டி வண்டியாகக் கொண்டுபோய் வரிசைக்கு வரிசை பரப்பினான். இடுப்பு ஒடிந்தது. "உங்களை ஆண்டவன் பேசறதுக்கு மட்டும்தான் படைச்சிருக்கான்னு நினைச்சேன்" என்று மனைவி சொன்னாள். அது திட்டு இல்லை என்று கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நடைபாதையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மேடை மரத்தைச் சுற்றிக் கட்டினான். பஸ்ஸில் வருகிறவர்களிடம், "இது நான் பேசிப் பேசிக் கெடுத்த மரம்" என்று ஆரம்பித்து, வாளி, முட்டை ஓடு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். ஜனங்கள் முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள், முன்னைவிட அதிகமாகக் கேள்வியும் கேட்டார்கள்.

ஆனால் மச்சான் நிலத்தில் புழு வரவில்லை. ஆறு மாதம் போயிற்று, ஒன்பது மாதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் மச்சான் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டு, "இல்லை" என்று ஒற்றை வார்த்தையில் போன் செய்வான். பதினோராவது மாதம் சூளைக்காரரின் ஜீப் வேலியோரம் நின்றுவிட்டுப் போனது. அன்றிலிருந்து மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. அதை மைக்கால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இன்னும் பத்து நாள் இருக்கும்போது, விடிந்ததும் வாளியை எடுத்தான். இந்தத் தடவை குப்பைக்குழிக்குப் போகவில்லை. பட்ட பிறகு வந்த புத்தி, மூன்றாவது வரிசைக்குப் போய் அசல் நிலத்துப் புழுவாக ஏழு எடுத்தான். ரோட்டைத் தாண்டி மச்சான் வேலி வரை போனான். வேலிக்குள் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. ஒரு கையை உள்ளே நீட்டிக் கவிழ்த்தால் போதும், அவள் நிலம் அவளுக்கு மிச்சம். எந்தத் தூண்டில்காரனாலும் கண்டுபிடிக்க முடியாது.

கால் மணி நேரம் நின்றான். அவளுக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு நன்மை செய்ய முடியும்தான். ஆனால் நாளைக்கு அவள் அந்தப் புழுவைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது, அந்த முகத்தை இவன் எப்படிப் பார்ப்பது? திரும்பினான்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். வாளியை எட்டிப் பார்த்தாள்.

"ஏழு" என்றான் அவன். "ஏழும் இருக்கு. எண்ணிக்கோ."

அவள் எண்ணவில்லை. வாளியை வாங்கிக்கொண்டுபோய் மூன்றாவது வரிசையில் விட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அதற்கு அடுத்து மூன்று நாள் நல்ல மழை. நாலாம் நாள் காலையில் மச்சான் போன் செய்தான். "ரெண்டு பேரும் வாங்க" என்றான். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

போனபோது இரண்டாவது வரிசைக் கன்றருகில் நின்றிருந்தான். உள்ளங்கையில் ஒரு புழு. நீளமாக, சாம்பல் நிறமாக, சோம்பேறியாக இருந்தது. மனைவி "டேய்" என்று ஓடினாள். மச்சான் கையை மூடிக்கொண்டான்.

"நாலு நாள் முன்னாடி காலையில மாமா வாளியோட இந்த வேலிகிட்ட நின்னதைப் பால்காரர் பார்த்திருக்கார்."

"வந்தேன் மச்சான். உண்மைதான். வாளியில புழுவும் இருந்தது. ஆனா வெக்கலை. சத்தியமா வெக்கலை."

அவன் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. இத்தனை வருடம் பேசிய வாய், இந்த ஒரு உண்மையை நிற்க வைக்க வக்கில்லாமல் கிடந்தது.

"வெக்கலைடா. ஏழையும் நான்தான் திரும்ப விட்டேன்" என்றாள் அவள்.

"நீ புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டே அக்கா."

அவளுக்குக் கோபம் வந்தது. வாதாடாமல் குனிந்து, காலடியிலிருந்த ஈர இலைகளை ஒரு கையால் ஒதுக்கினாள். மண்மேல் மிளகு மணிகள் போலச் சுருண்டு, சின்னச் சின்னக் குவியலாகப் புழுவின் எச்சம். இன்னும் காயாமல் இருந்தது. நாலடி தள்ளிப்போய் ஒதுக்கினாள். அங்கேயும் இருந்தது. அந்தப் பக்கக் கன்றடியில் ஒதுக்கினாள். அங்கேயும். "நீயே பாரு" என்றாள்.

மச்சான் பார்த்தான். வரிசையின் முதல் கன்றிலிருந்து இலையை விலக்கிக்கொண்டே நடந்தான். இடையில் சில இடம் வெறுமையாக இருந்தது, பல இடம் அப்படி இல்லை. வயலின் கடைசி முனைக்குப் போனவன் அங்கேயே குந்திவிட்டான். முதுகு மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது மச்சானின் கண் சிவந்திருந்தது. கையிலிருந்த புழுவைக் கன்றடியில் விட்டு, மேலே இலையை மூடினான்.

"புழுவை யார் வேணா வெச்சிருக்கலாம். இத்தனை எச்சத்தை மாமாவால வெக்க முடியாது" என்றான். "இவ்வளவு இடத்துல குனியணும்னா ஆளே படுத்திருப்பார்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மைக்கும் சிரித்தான், ஆனால் அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அடுத்த சனிக்கிழமை பஸ்ஸை இங்கயும் கூட்டிட்டு வாங்க மாமா. ஆனா ஒரு கண்டிஷன். எங்கயும் நிக்கக் கூடாது. நடந்துக்கிட்டே பேசணும்."

"நடந்துக்கிட்டே பேசறேன்" என்றான் மைக், மிகவும் அடக்கமாக.

மச்சான் போனை எடுத்துச் சூளைக்காரரை அழைத்தான். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இவன் சொன்னான்: "இல்லைங்க. நிலம் காலியா இல்லை. ஆளுங்க குடி வந்துட்டாங்க."